சேட்டக் நடு ஸ்டாண்டு: காலை வளைப்பதற்கு முன் மேலே பாருங்கள்

அப்பா ஓட்டிய 1987 பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரை மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். எஞ்சின், வயரிங், பெயின்ட் எல்லாம் முடிந்துவிட்டது, நடு ஸ்டாண்டு மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. முதலில், ஸ்டாண்டு போட்டாலும் இரண்டு சக்கரமும் தரையிலேயே கிடந்தன. ஒரு பட்டறையில் கேஸ் வைத்துக் கால்களைச் சிவக்கக் காய்ச்சிப் பின்பக்கமாக வளைத்துக் கொடுத்தார்கள். இப்போது சக்கரம் தூக்குகிறது, ஆனால் கிக்கர் அடித்தால் வண்டி முன்னால் நழுவி ஸ்டாண்டை விட்டு இறங்கிவிடுகிறது, நிற்கும்போதும் வலப்பக்கம் சாய்கிறது. புது ஸ்டாண்டு வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். நான் இருபது வருடமாகப் பழைய சேட்டக், சூப்பர், லாம்பி என்று ஸ்கூட்டர்களைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டாண்டு கோணல் என்று வந்த வண்டிகளில், கால் உண்மையிலேயே வளைந்திருந்தவை மிகக் குறைவு. ஃபுட்போர்டுக்கு அடியில், ஸ்டாண்டைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குப் பக்கத்தில், நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாத ஓர் அங்குல இரும்பில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது ஸ்டாண்டு மாட்டினால் சில மாதத்தில் அதுவும் இதே மாதிரி நிற்கும்.

ஸ்டாண்டு எப்படி வண்டியைத் தாங்குகிறது என்பதை ஒரு தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மடக்கி வைத்திருக்கும்போது கால்கள் பின்னோக்கிப் படுத்திருக்கும். காலால் அழுத்தி வண்டியைப் பின்னால் இழுக்கும்போது அவை கீழே இறங்கி, செங்குத்தாக நிற்கும் நிலையைத் தாண்டி, கொஞ்சம் முன்பக்கம் போய் முட்டி நிற்கும். அந்தத் தாண்டிப் போகும் கொஞ்ச தூரம்தான் முக்கியம். வண்டி முன்னால் நழுவ வேண்டுமானால் திரும்பவும் அந்தச் செங்குத்து நிலையை ஏறிக் கடக்க வேண்டும், அதாவது 100 கிலோவுக்கு மேல் உள்ள வண்டி முதலில் சற்று உயர வேண்டும். தானாக உயராது, அதனால் நிற்கிறது. அதிகமாகத் தாண்டிவிட்டால் வண்டி தாழ்ந்து, இரண்டு சக்கரமும் தரையைத் தொடும். குறைவாகத் தாண்டினால் சின்னத் தள்ளலுக்கே இறங்கிவிடும். உங்கள் வண்டி முதலில் அந்தக் கோடியில் இருந்தது, பட்டறைக்குப் போய் இந்தக் கோடிக்கு வந்திருக்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். மேலே திரும்பும் அச்சிலிருந்து பாதம் வரை 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் வண்டியில் அளந்து அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்). செங்குத்திலிருந்து 10 பாகை முன்னால் போனால் உயரத்தில் குறைவது 4 மி.மீ.தான். 20 பாகை போனால் 15 மி.மீ. குறையும். 30 பாகை என்றால் 33 மி.மீ. போய்விடும். முதல் பத்து பாகையில் பெரிதாக ஒன்றும் ஆகாது, அப்புறம் சடசடவென்று தாழ்கிறது. ஸ்டாண்டு ரொம்ப நாள் நன்றாக இருந்து திடீரென்று ஒரு மழைக்காலத்தில் கெட்டுப்போனது மாதிரி தோன்றுவதற்கு இதுதான் காரணம். தேய்மானம் மெதுவாகத்தான் நடந்திருக்கும்.

நான் 12 முதல் 15 பாகைக்குள் வைப்பேன். பாகைமானி எல்லாம் தேவையில்லை, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும், இல்லையென்றால் நூலில் ஒரு நட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதளத்தில் ஸ்டாண்டு போட்டு, ஸ்டாண்டு திரும்பும் மேல் குழாயின் நடுவிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, தரையில் அது தொடும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். அந்தக் குறியிலிருந்து பாதத்தின் நடு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று அளங்கள். காலின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் நடுவில் இருந்தால் சரி. 25 செ.மீ. காலுக்கு 5 முதல் 6 செ.மீ. வரை வரும். உங்களுடையது இப்போது 2 செ.மீ. இருந்தாலே அதிகம் என்று நினைக்கிறேன். 2 செ.மீ. என்றால் 5 பாகைகூட இல்லை. வீட்டு வாசலில் 12 அடிக்கு 1 அடி இறங்கும் சாய்தளம் இருந்தால் அதுவே கிட்டத்தட்ட 5 பாகைதான், அந்தச் சரிவில் முன்பக்கம் கீழே பார்க்க நிறுத்தினால் பிடிப்பதற்கு மிச்சமே இருக்காது.

அளந்த பிறகு, வண்டியைச் சாய்ப்பதற்கு முன், ஸ்டாண்டுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, அந்த ஸ்டாண்டு சேட்டக்குக்கு உரியதுதானா. சூப்பர் 8 அங்குல ரிம், சேட்டக் 10 அங்குல ரிம், டயர் அகலம் இரண்டுக்கும் 3.50. அப்படியானால் சேட்டக்கின் சக்கர அச்சு ஓர் அங்குலம் உயரத்தில் இருக்கிறது, சூப்பரின் ஸ்டாண்டைக் கொண்டுவந்து மாட்டினால் அந்த ஓர் அங்குலம் குறையத்தான் செய்யும். கை மாறிய வண்டிகளில் இந்தக் குழப்பம் நிறைய நடந்திருக்கிறது, பழைய இரும்புக் கடையில் இரண்டும் ஒரே குவியலில் கிடக்கும். இரண்டாவது, பின் ஷாக் அப்சார்பரை மாற்றினீர்களா என்பது. நீளம் கூடின ஷாக் போட்டிருந்தால், தொங்கும்போது சக்கரம் இன்னும் கீழே இறங்கித் தரையைத் தொடும், ஸ்டாண்டு மேல் பழி விழும். மூன்றாவது, பாதத்து ரப்பர். அது பிய்ந்து போனதைக் கவனிக்காமல் ஓட்டினால் குழாய் முனை ரோட்டில் தேய்ந்து ஒரு பக்கம் குட்டையாகிவிடும். எஞ்சின் வலப்பக்கம் இருப்பதால் வலது காலில்தான் பாரம் அதிகம், முதலில் தேய்வதும் அதுதான். நீங்கள் சொல்லும் வலப்பக்கச் சாய்வுக்கு என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். அதைத் தனியாகப் பிறகு சொல்கிறேன்.

சரி, இப்போது வண்டியைப் படுக்க வைக்கலாம். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள், குழாயை மூடினால் போதும் என்று விடாதீர்கள், மூடி வழியாகக் கசியும். எஞ்சின் மேலே வரும்படி இடப்பக்கமாகச் சாய்த்து, பழைய மெத்தை அல்லது இரண்டு டயர் மேல் படுக்க வையுங்கள். புதுப் பெயின்ட் என்பதால் நடுவில் ஒரு போர்வையும் போடுங்கள். பேட்டரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடியில் ஸ்டாண்டின் மேல் குழாயை இரண்டு கிளாம்புகள் பிடித்துக்கொண்டிருக்கும். கையால் ஸ்டாண்டை இடமும் வலமும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக இருக்கும் ஸ்டாண்டு ஒரே திசையில் மட்டும் சுழலும். கிளாம்புக்குள் குழாய் கடகடவென்று ஆடினால் அங்கே தேய்ந்திருக்கிறது. கிரீஸ் போடாமல் வருடக்கணக்கில் சேறும் மணலும் அரைத்த குழாயைக் கழற்றிப் பார்த்தால் கிளாம்பு இருந்த இடம் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். விரல் வைத்துத் தடவினாலே தெரியும். அப்படியானால் புது கிளாம்பு மட்டும் மாட்டிப் பயனில்லை, ஒடுங்கிய இடத்தில் வெல்டிங் போட்டு நிரப்பி, லேத்தில் கொடுத்தோ அரம் போட்டோ பழைய கனத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்ததுதான் நான் சொன்ன அந்த ஓர் அங்குல இரும்பு. கால் முன்னால் வந்து முட்டி நிற்பதற்கு ஒரு தடுப்பு வேண்டுமே, அது எங்கே என்று தேடுங்கள். மாடலுக்கு மாடல் அதன் வடிவம் கொஞ்சம் மாறும், ஆனால் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: ஸ்டாண்டை முழுக்க விரித்துப் பிடித்துக்கொண்டு, எங்கே இரும்பும் இரும்பும் மோதுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த இடத்தில் பெயின்ட் இருக்காது, வெள்ளிக்காசு மாதிரி பளபளக்கும். சேட்டக்கில் ஸ்டாண்டின் பக்கத்து முனையும் அது மோதும் இடமும் இரண்டுமே தேய்ந்திருக்கலாம், சில வண்டிகளில் மோதும் தகடு உள்வாங்கிக் குழியே விழுந்திருக்கும்.

இங்கே தேயும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பாதத்தில் பத்தாக வரும். தடுப்பு அச்சிலிருந்து இரண்டரை செ.மீ., பாதம் 25 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பத்துக்கு ஒன்று. தடுப்பில் 3 மி.மீ. தேய்ந்தால் பாதம் 3 செ.மீ. முன்னால் போய்விடும், கோணத்தில் அது 7 பாகைக்குப் பக்கம். ஆகவே சரிசெய்ய வேண்டியதும் அதே 3 மி.மீ.தான். முழங்கை நீளத்துக்குக் காலைக் காய்ச்சி வளைக்க அவசியமே இல்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் கால் ஏற்கெனவே வளைந்துவிட்டது, அதை முதலில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் தவறான காலுக்குத் தகுந்த மாதிரி தவறான தடுப்பு வைப்பீர்கள், மடக்கும்போது கால் சைலன்சரிலோ வேறெதிலோ இடிக்கும், ஓடும்போது சத்தம் வரும். இதே மாடல் வைத்திருக்கும் யாரிடமாவது ஸ்டாண்டை ஒரு நாள் இரவல் வாங்கி, இரண்டையும் சிமெண்ட் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒப்பிடுங்கள். வளைப்பதற்கு முன் குழாயின் உள்ளே காய்ந்த மணலை இறுக நிரப்பி முனையை அடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அப்போதுதான் குழாய் நசுங்காமல் திரும்பும். மணலில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது, சூட்டில் நீராவி அடைப்பைத் தெறிக்க வைக்கும். காய்ச்சிய பிறகு தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம், தானாக ஆறட்டும். வளைத்த இடத்தில் குழாய் ஏற்கெனவே நசுங்கி மடிப்பு விழுந்திருந்தால் மட்டும் புது ஸ்டாண்டு வாங்குங்கள். மடிப்பு விழுந்த குழாய் மறுபடி அதே இடத்தில்தான் மடங்கும், அதை நம்பி வண்டியை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

கால் நேரானதும் நேரடியாக வெல்டிங்குக்கு ஓடாதீர்கள். எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று முதலில் பார்க்க வேண்டும். நான் பழைய ஹேக்ஸா பிளேடுகளை ஒடித்து வைத்திருப்பேன், ஒன்று அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் கனம் இருக்கும். நாலைந்து துண்டுகளை அடுக்கி, டேப் சுற்றி, தடுப்பு மோதும் இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் வைத்து, வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டுத் தூக்குக்குண்டு வைத்து அளப்பேன். போதவில்லையா, இன்னும் ஒரு துண்டு. அதிகமா, ஒன்றை எடுத்துவிடுவேன். சரியான அளவு வந்ததும் அந்த அடுக்கை வெளியே எடுத்துக் கனத்தை அளந்துகொண்டால் வெல்டருக்குச் சொல்ல ஓர் எண் கையில் இருக்கும். இந்த வேலை அரை நாள் எடுக்கும், வண்டியை நாலு தடவை சாய்த்து நிமிர்த்த வேண்டியிருக்கும், கூட ஓர் ஆள் வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுக் கண்மதிப்பில் செய்த வேலை எதுவும் எனக்குச் சரியாக வந்ததில்லை.

வெல்டிங் ஸ்டாண்டைக் கழற்றி எடுத்துத்தான் செய்ய வேண்டும், வண்டியில் மாட்டியபடி வேண்டவே வேண்டாம். தேய்ந்த முனையைச் சுத்தமாக அரைத்து, அதே கனத்தில் தகட்டுத் துண்டு வைத்துச் சுற்றிலும் பற்ற வைக்கலாம், 2 மி.மீ.க்குக் குறைவென்றால் வெல்டிங் கம்பியாலேயே மேடு எழுப்பிவிடலாம். அரை மில்லிமீட்டர் கூடுதலாகவே வைக்கச் சொல்லுங்கள். அரத்தால் குறைப்பது சுலபம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மோத வேண்டும், இது ரொம்ப முக்கியம். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் ஸ்டாண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிளாம்பு போல்ட் தளரும். மோதும் முனைகளில் கொஞ்சம் மை தடவி விரித்துப் பார்த்தால் எதிர்ப்பக்கத்தில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடித்தகடும் நன்றாக இருந்தால்தான் இவ்வளவும் நிற்கும். வெஸ்பா 1946-இல் வந்தபோதே அதன் உடம்பு அழுத்திச் செய்த தகடு, தனிச் சட்டம் கிடையாது. வெஸ்பாவைச் செய்த இத்தாலிய நிறுவனம் பியாஜியோ பஜாஜுக்குக் கொடுத்திருந்த உரிமம் 1971-இல் முடிந்து மறு வருடம் சேட்டக் என்ற பெயரில் வந்த வண்டியிலும் அதே கட்டுமானம்தான். லாம்பிரெட்டா மாதிரி உள்ளே பருமனான குழாய்ச் சட்டம் ஓடவில்லை. ஸ்டாண்டு தாங்கும் மொத்தப் பாரமும் ஃபுட்போர்டுக்கு அடியில் உள்ள ஒரு குறுக்குத் தகட்டில் இறங்குகிறது. மிதியடிப் பாய்க்கு அடியில் தேங்கிய தண்ணீர் அந்த இடத்தைத்தான் முதலில் தின்னும். பெயின்ட் புதிதாக இருப்பதால் வெளியே தெரியாது, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் கிளாம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று வரும் சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் அங்கே துரு. அங்கே தகடு ஒரு பக்கம் அரை செ.மீ. உள்வாங்கியிருந்தாலும் ஸ்டாண்டு கோணலாகத்தான் இறங்கும், நீங்கள் காலை எப்படித் திருத்தினாலும் சரி.

துரு இருந்தால் அரித்ததை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல தகடு வரை எட்டும் அளவுக்கு ஒரு பட்டைத் தகடு வைத்துப் பற்ற வைக்க வேண்டும். அரித்த தகட்டின் மேலேயே ஒட்டு போட்டால் உள்ளே துரு தொடரும். இந்த வெல்டிங் வண்டியில் நடப்பதால் கவனம் இரண்டு மடங்கு தேவை: கிளட்ச், கியர், ஆக்ஸிலேட்டர் கேபிள்களும் வயரிங்கும் ஃபுட்போர்டு நடுவே உள்ள மேட்டுக்குள்தான் ஓடுகின்றன. வெல்டர் ஓரிடத்தில் நின்று காய்ச்சினால் உள்ளே எல்லாம் உருகும். விட்டு விட்டு, துண்டு துண்டாக, நடுவில் ஆறவிட்டுப் பற்ற வைக்கச் சொல்லுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள், சிடிஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி) இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். டேங்க் வேறு அறையில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வலப்பக்கச் சாய்வு. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஃபுட்போர்டின் குறுக்கே ரசமட்டம் வைத்துப் பாருங்கள், பிறகு வண்டியை அப்படியே திருப்பி எதிர்த்திசை பார்க்க நிறுத்தி மறுபடி பாருங்கள். சாய்வு பக்கம் மாறினால் தரைதான் கோணல். மாறாமல் வண்டியின் வலப்பக்கமே தாழ்ந்திருந்தால் வலது பாதத்துக்கு அடியில் தகடு வைத்து மட்டம் வரும் வரை ஏற்றுங்கள், அந்தத் தகட்டின் கனம்தான் காலில் குறைந்திருக்கும் நீளம். முதலில் இரண்டு பாதத்துக்கும் புது ரப்பர் போடுங்கள், பலருக்கு அதோடு முடிந்துவிடும். அதற்கும் மேல் குறைந்தால் முனையைச் சதுரமாக வெட்டி, குழாய்க்குள் இறுக்கமாகப் போகும் கெட்டிக் கம்பியை நுழைத்து, தேவையான நீளம் வெளியே விட்டு, சுற்றிப் பற்ற வைத்துச் சமப்படுத்துங்கள். முனையும் மூடிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே போகாது.

மாட்டும்போது ஸ்பிரிங் பலருக்குத் தண்ணி காட்டும். ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினால் வழுக்கி முகத்துக்கு நேராக வரும், பல் உடைந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஸ்பிரிங்கை வைஸில் ஒரு முனை பிடித்து வளையுங்கள், வெளிப்பக்கம் விரியும் சுருள் இடுக்குகளில் பழைய ஒரு ரூபாய்க் காசுகளோ வாஷர்களோ செருகுங்கள், பிறகு எதிர்ப்பக்கம் வளைத்து அங்கேயும் செருகுங்கள். ஸ்பிரிங் விரிந்தபடியே நின்றுவிடும், கையாலேயே கொக்கியில் மாட்டலாம், மாட்டிய பிறகு ஸ்டாண்டை விரித்தால் காசுகள் ஒவ்வொன்றாக உதிரும். கண்ணாடி போட்டுக்கொண்டே செய்யுங்கள். கிளாம்புக்குள் தாராளமாக கிரீஸ் வையுங்கள், போல்ட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் போடுங்கள், 100 கி.மீ. ஓடிய பிறகு ஒரு தடவை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பேச்சோடு பேச்சாக, பக்க ஸ்டாண்டு ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்று யாராவது சொல்வார்கள். சேட்டக்குக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியில் விற்பவை பெரும்பாலும் அந்த மெல்லிய ஃபுட்போர்டு ஓரத்தில்தான் போல்ட் போட்டு நிற்கின்றன. ஓரிடத்தில் மொத்தச் சாய்வுப் பாரத்தையும் ஏற்றினால் தகடு அலைஅலையாக நெளியும், வெடிப்பு விடும். அப்பா வண்டி என்கிறீர்கள், அந்த ஃபுட்போர்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சமதளத்தில் ஸ்டாண்டு போட்டு, தூக்கி நிற்கும் சக்கரத்துக்கு அடியில் சுண்டுவிரலை நுழைத்துப் பாருங்கள், ஒரு விரல் கனம் இடைவெளி இருந்தால் போதும், அதற்கு மேல் தூக்க ஆசைப்பட வேண்டாம். பின்னால் நின்று உள்ளங்கையால் முன்னோக்கி மெதுவாகத் தள்ளுங்கள், வண்டி சற்று எழும்பித் திரும்ப உட்கார வேண்டும். அப்புறம் கிக்கர் அடியுங்கள், முதல் சில நாள் இடது கையால் ஹேண்டிலையும் வலது கையால் முன் பிரேக்கையும் பிடித்துக்கொண்டே அடியுங்கள். அந்த நூல் அளவை, தூக்குக்குண்டுக் குறிக்கும் பாதத்துக்கும் நடுவே வந்த தூரத்தை, வண்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் இதே நாளில் அளந்து பார்த்தால் தடுப்பு எவ்வளவு தேய்கிறது என்று தெரிந்துவிடும். இரவல் ஸ்டாண்டு கிடைக்காவிட்டால் உங்களுடையதைக் கழற்றித் தரையில் வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்துப் போடுங்கள், என்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டு அளவு சொல்கிறேன்.